அட்லஸ் அளவுக்கு ஒரு வளைவு

பொதுக் குழாயில் குடத்தை வைத்திருந்தபோது செய்தி வந்தது. செம்பூர் சினிமா ஸ்டுடியோவில் சுடலைமுத்து சித்தப்பாவோடு வேலை பார்ப்பவர் சைக்கிளை நிறுத்தி, "அவரு வீடு எது?" என்று கேட்டார். கையைக் காட்டினேன். "நெஞ்சு வலிக்குன்னு உட்கார்ந்தாரு. அவ்வளவுதான்" என்றார். குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

தாராவியில் நம் வரிசையில் அவரைத் தெரியாதவர் இல்லை. படத்துக்கு அரண்மனை கட்டுகிறவர். அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, உள்ளே தேங்காய் நாரும் பின்னால் சாக்குத் துணியும் வைத்துத் தூணும் பூவும் வார்ப்பார். "அது நிஜக் கல்லா?" என்று பிள்ளைகள் கேட்டால், "முன்னாடி மகாராசா, பின்னாடி சாக்குதாம்லே" என்று சிரிப்பார். படம் முடிந்து உடைத்துப் போடுகிறவற்றைக் கேட்டு வாங்கி வருவார். உங்களில் பலர் வீட்டு பல்பைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பூ அவர் பதித்ததுதான்.

போன தை மாதம் ஆண்டாப் ஹில்லிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. "சுவரு மொட்டையா கெடக்கு, வாறவுக என்ன நெனைப்பாக?" என்று அப்பா அவரைக் கூப்பிட்டார். சித்தப்பா கூரையோரம் முழுக்க இலைக்கொடிப் பட்டை ஒட்டினார். அடுப்படி வாசலுக்கு இரண்டு அரைத்தூண்கள் வைத்தார். கடைசியில் சுவரிலிருந்த மாடக்குழிக்கு வளைவு வைக்கும்போது, "ஏட்டி, ஒன் புஸ்தகத்துலயே பெருசு எது?" என்றார். அட்லஸைக் கொடுத்தேன். அதை நிறுத்தி வைத்து அளவெடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வந்த அம்மாள் என்னைப் பார்ப்பதற்கு முன் கூரையோர இலைக்கொடியைப் பார்த்தார். பிறகு வளைவுக்குள் நின்ற புத்தகங்களை.

"பொண்ணு இன்னும் படிக்காளா?"

"நாளைக்கே நிப்பாட்டிருவோம்" என்றார் அப்பா.

"அதெப்படி அண்ணாச்சி?" என்று மூலையிலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். "வளைவை புஸ்தகத்துக்கு அளவெடுத்துல்லா போட்டிருக்கேன். புஸ்தகம் போச்சுன்னா சுவரு மூளியால்லா தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு, "சரி, பெரிய பரீட்சை முடியட்டும், பார்ப்போம்" என்று அந்த அம்மாள் எழுந்துகொண்டார். அப்பாவும் தலையாட்டினார்.

சித்தப்பாவுக்குப் பதினாறு கழிந்துவிட்டது. வரும் ஞாயிறு மதியம் பாண்டுப்பிலிருந்து வேறொரு வீட்டார் வருகிறார்கள். பதினோராம் வகுப்பில் வரும் பெரிய பரீட்சைக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. நேற்று அப்பா தெரிந்தவரிடம் ஒரு ரேடியோவை இரவலாக வாங்கி வந்தார். என் புத்தகங்களை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு ரேடியோவை வளைவுக்குள் தள்ளினார். போகவில்லை. இரண்டு விரல் அகலம் அதிகம். "ஞாயித்துக்கிழமை காலைல ஓரத்தைக் கொத்திருவோம்" என்றார். அதெப்படி அண்ணாச்சி என்று கேட்க யாருமில்லை.

எல்லோரும் தூங்கியபின் சிம்னி வெளிச்சத்தில் எழுதுகிறேன். யாராவது புரண்டு படுத்தால் தாளை மறைக்கிறேன். நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் சித்தப்பாவுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை அதை விரித்து வைப்பார்கள். அப்பாதான் முதல் ஆளாக வாசிப்பார். அந்தப் பயத்தில், பெயர் போடாமல் கொடுக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

சித்தப்பா எனக்கு விட்டுப்போனது அந்த அளவு ஒன்றுதான். அப்பா, அதைக் கொத்தாதீர்கள். அட்லஸை எடுத்து மறுபடியும் அங்கேயே வைத்துவிட்டேன்.

முத்துலட்சுமி,
பத்தாம் வகுப்பு.