உடுத்தாத சுங்குடி

எங்கள் வீட்டில் பழைய துணி எதுவும் சும்மா கிடக்க முடியாது. மதினி கண்ணில் பட்டால் மறுபிறவிதான். அண்ணனின் கிழிந்த ஜீன்ஸ் காய்கறிப் பையாகும். அம்மாவின் நைட்டி எனக்கு உள்பாவாடையாகும். நான் பாதியில் விட்ட பதினொன்றாம் வகுப்பின் யூனிஃபார்ம் இப்போது மிக்ஸிக்கு உறை. நான் படித்ததைவிட அது உருப்படியாக வேலை பார்க்கிறது.

மதினி பெயர் தாமரைச்செல்வி. பேரையூர்ப் பக்கத்திலிருந்து திருவாதவூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். அண்ணன் ஜெயபாண்டி மேலூரில் கல் லாரி ஓட்டுகிறான். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். அதனால் வீட்டில் அம்மா, மதினி, நான், மதினியின் மகள் ஆர்த்திகா, அப்புறம் தையல் மிஷின். பேச்சுத்துணைக்கு மதினி கூப்பிடுவது பெரும்பாலும் மிஷினைத்தான்.

அவளுக்கு எதைக் கண்டாலும் பயம். இடி, பல்லி, பம்பு செட் சத்தம், அம்மா தொண்டையைச் செருமுவது. பாபின் டப்பாவுக்குள் ரப்பர் பல்லி வைப்பதும், கதவுக்குப் பின்னால் நின்று ‘பே’ என்பதும் எனக்கு அன்றாட அலுவல். ஆனால் துணியை வெட்டும்போது மட்டும் அவளிடம் பயம் இருக்காது. பழைய சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பிடிப்பாள். உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த இடம் சல்லடை மாதிரி தெரியும். அந்த இடத்தை விட்டுவிட்டு, முந்தியையும் கரையையும் பார்த்துச் சுண்ணக்கட்டியால் கோடு போடுவாள். கத்தரி ஒரே ஓட்டமாக ஓடும்.

சிவராத்திரிக்கு முந்தின வாரம் அம்மா கடலை பறிக்கப் போகும்போது, மொட்டை மாடிக் கொடியில் கிடக்கும் பழைய சேலைகளில் எதையாவது எடுத்துப் பிள்ளைக்குப் பாவாடை தைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். நான் மத்தியானம் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது, ஆர்த்திகா வாசலில் சுற்றிச் சுற்றிப் பாவாடையைக் குடையாக விரித்துக்கொண்டிருந்தாள். அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த சுங்குடிப் பாவாடை. அதே துணியில் பஃப் கை வைத்த சட்டை.

கையிலிருந்த பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

“மதினி, இது எங்க கெடந்துச்சு?”

“கொடியில, கடேசியா. ஏன், ஒனக்கும் ஒண்ணு தைக்கணுமா?” அவள் நூலைப் பல்லால் கடித்தபடியே பெருமையாகச் சொன்னாள். “வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன் புள்ள. ஒரு எடத்துல நைவு இல்ல. யாரும் உடுத்தவே இல்ல போலருக்கு.”

“அது கன்னிச் சேலை மதினி.”

அவள் சிரித்தாள். “போன வாரம் பல்லி, இந்த வாரம் கன்னியா? போடி அங்கிட்டு.”

அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாக என் வாய் மேலேயே கோபம் வந்தது. பரணில் ஏறி ஓலைப்பெட்டியை இறக்கி அவள் முன்னால் திறந்து வைத்தேன். உள்ளே காய்ந்த வேப்பிலையும் ஒரு ஜோடி கண்ணாடி வளையலும்தான் இருந்தன.

வெள்ளையம்மா எங்கள் தாத்தாவுடன் பிறந்தவள். சடங்குக்கு எடுத்த சுங்குடியைக் கட்டுவதற்கு முன்னாலேயே கிணற்றில் விழுந்து இறந்துபோனாள். அப்போதிருந்து அவள்தான் எங்கள் வீட்டுச்சாமி. அந்தச் சேலையைப் பெட்டியில் வைத்து, மாசிக்கு மாசி பங்காளிகள் கூடி எடுத்துக் கும்பிடுவோம். பெட்டி பெரியப்பா வீட்டில் இருந்தது. போன மாசியில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாசிக்கு மாசி மதினி பேரையூருக்குப் போய்விடுவதால் அந்தச் சேலையை அவள் பார்த்ததே இல்லை. அவள் பிறந்த வீட்டில் கன்னித் துணியைப் பானைக்குள் வைத்து வாயைக் கட்டிவிடுவார்களாம். கும்பிடுகிற நாள் வரைக்கும் அதில் வெயில் படக் கூடாது. எங்கள் வழக்கமோ, கும்பிடுவதற்கு முன்னால் வெயிலில் உலர்த்துவது. சாமியின் சேலை மற்ற சேலைகளோடு கொடியில் காயும் என்று அவள் எப்படி நினைப்பாள்? அதை ஓரத்தில் போட்டதை அம்மாவும் சொல்ல மறந்துவிட்டாள்.

மதினி பிள்ளையைப் பிடித்திழுத்துச் சட்டையையும் பாவாடையையும் கழற்றினாள். பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். அவசரத்தில் விரலில் கீறிக்கொண்டாள். ரத்தம் துணியில் பட்டுவிடும் என்று பயந்து விரலை வாயில் வைத்துக்கொண்டாள். நான் பாவாடைப் பக்கம் பிரித்தேன். துண்டுகளைத் தரையில் சேர்த்துச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். சேலை வரவில்லை. அக்குள் வளைவு, கழுத்து வளைவு, குப்பையில் போன துணிச் சிம்புகள். வெட்டினது வெட்டினதுதான். வெட்டினது உள்பக்கமாக வரும்படி மடித்து வைத்துவிடலாம், பெரியப்பாவுக்குக் கண் மங்கல் என்று நான் யோசனை சொன்னேன். அவளும் மடிக்கத்தான் தொடங்கினாள். அப்போது ஆர்த்திகா வந்து குளிருது என்று மடியில் படுத்தாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது.

மதினி மடித்ததைக் கீழே போட்டுவிட்டாள். மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தோம். கொடுத்துவிட்டுத் துண்டுகள் கிடந்த பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அந்தப் பக்கம் பார்க்கத் துணிச்சல் இல்லை. பட்டப்பகல்தான். இருந்தாலும் மாடிக் கொடி அசைகிற சத்தம் கேட்டு ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம்.

அம்மா வந்து மண்வெட்டியைச் சாத்தக்கூட இல்லை. மதினி எழுந்து நின்று சொல்லிவிட்டாள். “அத்தே, கன்னிச் சேலைய நான் வெட்டிட்டேன்.”

அம்மா திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, நான்தானே எடுத்துக்கச் சொன்னேன் என்று முனகினாள். அது எனக்கு அடியைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் நல்லகாமன் பெரியப்பா வந்தார். துண்டுகளைத் தொடாமல் தள்ளி நின்றே பார்த்தார். அவர் முகத்திலும் பயம்தான். பூக்கட்டிப் போட்டு அவளிடமே கேட்டுவிடலாம் என்றார். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. வீட்டுச் சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும்.

“வெள்ள வந்தா அவ மன்னிச்சிட்டா. செவப்பு வந்தா பெட்டிய நான் தூக்கிட்டுப் போறேன். இந்தப் பொண்ணு அடுத்த மாசி வரைக்கும் பொறந்த வீட்டுல இருக்கட்டும்.”

“புள்ள?” என்று கேட்டாள் மதினி.

“புள்ள இங்கனதான் இருக்கும். அது எங்க வகையறா.”

மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். காய்ச்சல் விடாத பிள்ளை அவள் தோளில் கிடந்தது. அடுத்த ராத்திரியே ஆர்த்திகா அம்மா அம்மா என்று அழுவாள், பஸ்ஸில் போனால் பேரையூர் எம்புட்டுத் தூரம் என்றெல்லாம் என் மண்டையில் ஓடியது. நான் போய்ப் பூவைக் கட்டுகிறேன் என்று முன்னால் நின்றேன். என் கைக்கு என்ன வேலை தெரியும் என்பது எனக்குத்தானே தெரியும். பெட்டி இருக்கிற வீட்டுக்காரிதான் கட்ட வேண்டும் என்று அம்மா என்னைத் தள்ளிவிட்டுச் சாமி அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது அவள் கையில் வாழையிலைப் பொட்டலம் ரெண்டு. ரெண்டையும் பெட்டி முன்னால் வைத்துச் சூடம் காட்டினாள். சூடத்தட்டு ஆடியது.

ஆர்த்திகாவை இறக்கிவிட்டார்கள். அவள் வலதுபக்கப் பொட்டலத்தைத் தொட்டாள். விட்டுவிட்டாள். திரும்பி மதினியைப் பார்த்தாள். மதினி கண்ணை மூடியிருந்தாள். பிள்ளை இடதுபக்கப் பொட்டலத்தை எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டினாள். அவர் நாரை மெதுவாக அவிழ்த்தார்.

வெள்ளை.

பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் திருநீறு பூசிவிட்டு, சிவராத்திரிக்கு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். மதினி அழுதுகொண்டே பிள்ளையை அள்ளிக்கொண்டாள். அந்தத் துண்டுகளை என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டாள். திரும்பவும் பாவாடை சட்டையாகவே தைத்துப் பெட்டியில் வைக்கச் சொன்னாள் அம்மா. வெள்ளையம்மா சின்னப் பிள்ளையாகத்தானே செத்தாள், போட்டுக்கட்டும் என்றாள். மதினிக்கு நூல் கோக்க முடியவில்லை. நான் கோத்துக் கொடுத்தேன்.

அப்புறம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு மிச்சப் பொட்டலத்தைக் கையில் வைத்தாள். “கண்மாயில போட்டுட்டு வா. பிரிக்காத.”

என்னிடம் அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அவசரத்தில் மறந்துவிட்டாள். கண்மாய்க் கரையில் பிரித்தேன். உள்ளே இருந்ததும் வெள்ளை அரளி.

அம்மா சாமியையே ஏமாற்றிவிட்டாள். நான் வைத்த பல்லியெல்லாம் என்ன பல்லி. இனி வெள்ளையம்மா கணக்கு மதினியோடு இல்லை, அம்மாவோடு. பூவை இலையோடு தண்ணீரில் வீசிவிட்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்த்திகாவுக்கு இன்னும் சூடு இறங்கவில்லை. அம்மா பெட்டி முன்னால் நின்று உதட்டுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கூப்பிய கையைப் பிரித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடியும் கூப்பினாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“பிரிச்சியா?”

“இல்லம்மா.”

“நெசமாவா?”

நாளெல்லாம் பொய் சொல்கிற எனக்கு அந்த ஒரு பொய்க்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டினேன். பயப்படாதம்மா என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் பிரித்தது தெரிந்துவிடும். பக்கத்தில் போய் அவள் தோளோடு தோள் இடிக்க நின்று, நானும் கையைக் கூப்பிக்கொண்டேன்.