முகத்துவாரமும் நைனாவின் நெஞ்சும்

அன்று எங்கள் பாடு. முகத்துவாரம் வழியாகக் கடலோடு சேரும் எங்கள் ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைக்கும்; அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். விட்டால் மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் இடது தோள் வலிக்கிறது என்று நைனா சொன்னபோது வலை இழுத்த வலி என்றே எல்லோரும் நினைத்தோம். அவரும் வலது கையால் தோளைத் தேய்த்துக்கொண்டே முழங்கால் தண்ணீரில் நின்றார். பனியில் வானம் எது, நீர் எது என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவர் மிதப்பதுபோல் இருந்தது. அந்தப் பனியிலும் அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

"பாடு முடியட்டும்டா, வந்துடறேன்."

"மீனு எங்கியும் போவாது அண்ணே. நீதான் போய்டப் போற," என்று சித்தப்பா அவரைக் கரைக்கு இழுத்து வந்தார்.

ஆம்புலன்ஸ் ஏரியை ஒட்டியே போனது. ஜன்னலில் நாரைகள் அசையாமல் நின்றிருந்தன. நாங்கள்தான் நிற்கிறோம், அவை நகர்கின்றன என்று தோன்றியது. வீட்டில் முதலில் படித்தவன் நான். செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். மாரடைப்பாக இருந்தால் அடைத்த ரத்தக் குழாயை விரித்து ஸ்டென்ட் வைப்பதே மேல் என்று எழுதியிருந்தது. நேரே சென்னைக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

வழியில் பொன்னேரிப் பக்கம் இருந்த மருத்துவமனையில் இறக்கினார்கள். ஈ.சி.ஜி. தாளைப் பார்த்த டாக்டரம்மா, "ஹார்ட் அட்டாக். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை இப்பவே போட்டுடலாம்," என்றார்.

"ஸ்டென்ட்தானே மேடம் நல்லது?"

"சீக்கிரம் வைக்க முடிஞ்சா அதுதான் நல்லது. நீங்க சென்னை போய்ச் சேர்ந்து, அங்க தயார் பண்றதுக்குள்ள இதயத்தில பாதி செத்துடும். ஊசியில ரத்தக்கசிவு வரலாம், மூளையிலகூட. அதையும் சொல்லணும்."

நைனா கண்ணைத் திறந்தார். "ஊசி போட்டா சாயந்தரம் வலை எடுக்கப் போலாமா?"

"இல்ல நைனா. முகத்துவாரம் தூர்ந்துட்டா முதல்ல இன்னா பண்ணுவோம்?"

"மம்பட்டி எடுத்துக்கினு போயி வெட்டுவோம். தூர் வார்ற மிஷினு வர்ற வரைக்கும் ஏரி தாங்குமா?"

"ஊசி அந்த மம்பட்டி. மறுபடி தூர்ந்துடாம இருக்க அப்பால மிஷினும் வரணும். சென்னைக்குப் போயே ஆவணும்."

"படிச்சவன் பேச்சைக் கேட்டா பாடு போச்சு. சரி, வெட்டச் சொல்லு."

கையெழுத்துப் போட்டேன். மருந்து இறங்கியது. நான் அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடிந்ததிலிருந்து அது தோளை விட்டு இறங்கவேயில்லை. எங்கோ தூரத்தில் மண் திட்டை நீர் மெல்ல அரித்து உள்ளே வருவதுபோல ஒரு மயக்கம் எனக்கு. சட்டென்று அந்தக் கை நழுவிப் படுக்கையில் விழுந்தது. என் உயிரே போயிற்று.

டாக்டரம்மா மானிட்டர் திரையைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். "ஐயா, வலி இருக்கா?"

"போயிடுச்சும்மா," என்றார் நைனா, தூக்கத்திலிருந்து பேசுபவர்போல.

மறுநாள் சென்னையில் ஸ்டென்ட் வைத்தார்கள். சித்தப்பா போன் செய்து, பாதியில் விட்ட பாடு முறையை ஊர் எங்களுக்கே எடுத்து வைத்திருக்கிறது என்றார். சொல்லலாம் என்று திரும்பினேன். நைனா தூங்கிக்கொண்டிருந்தார். துடைத்தும் போகாத ஏரிச்சேறு அவர் கால் நகங்களில் காய்ந்திருந்தது.