பின்சீட்டுச் சொகுசு

பைக்குக்குச் சீட்டு வடிவமைக்கிறவர்கள் யாரும் ஷோரூம் வாசலைத் தாண்டி அதில் போனவர்கள் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஷோரூமில் ஏறி உட்கார்ந்து பார்த்தபோது என் வண்டியின் சீட்டு மெத்தை மாதிரிதான் இருந்தது. எங்கள் ஊர் பாலவனத்தத்திலிருந்து விருதுநகர் ஆபீசுக்குப் போய்வரும் வரை அந்தப் பொய் தாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி வரை போனேன். எட்டயபுரம் தாண்டியதும் இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துவிட்டது. தூத்துக்குடியில் இறங்கியதும் மரத்ததெல்லாம் ஒன்றாக உயிர்த்து எழுந்தது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புறப் படுத்ததை அம்மா பார்த்துவிட்டாள். கர்நாடகத்து ஹம்பிக்குப் பைக்கில் தனியாகப் போகப்போகிறேன் என்று அந்த வாரம்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"ஏடி, ஹம்பியோ கும்பியோ, மொதல்ல ஒரே நாள்ல கன்னியாகுமரி போயிட்டு வா. வந்து இடுப்பப் புடிச்சுக்கிட்டுப் படுத்தேன்னு வையி, அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

அம்மா நூல் மில்லில் ஷிப்டு முழுக்க நின்றபடியே வேலை பார்க்கிறவள். உட்கார்ந்து உட்கார்ந்து வலி வாங்கிக்கொள்கிற ஆளை அவளால் மன்னிக்க முடியாது. ஆக, நான் ஹம்பி போவதும் போகாததும் இந்தச் சீட்டின் கையில்.

முதலில் யூடியூப் பைக் வீடியோக்காரர்களைக் கேட்டேன். பனிமலைக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருவன், "வலியெல்லாம் மைண்டுலதான் ப்ரோ இருக்கு" என்றான். எனக்கு வலி இருந்த இடம் வேறு. அவன் சிபாரிசு செய்த ஜெல் மெத்தையை வாங்கிப் போட்டேன். மத்தியானம் வரை ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். தோசைக்கல். எந்தக் குளிர்நாட்டிலோ கண்டுபிடித்ததை இந்த ஊர்ச் சித்திரையில் விற்கிறார்கள், நாமும் ஆன்லைனில் எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குகிறோம். அடுத்து, காற்றடைத்த மெத்தை. குமாரலிங்கபுரம் பக்கம் நிழலுக்கு ஒதுங்கியவள் அதையே கழற்றித் தரையில் போட்டு உட்கார்ந்தேன். நிழல் கொடுத்த மரம் சீமைக்கருவேலம். புஸ்ஸென்று ஒரு சத்தம், அத்தோடு அதுவும் முடிந்தது.

கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு குஷன் கடை. ஆட்டோ, டிராக்டர், மினிபஸ் என்று எல்லாவற்றுக்கும் சீட்டுத் தைக்கிறவர். வண்டியை அங்கேயே விட வேண்டும் என்பதால், என்னைத் திரும்பக் கூட்டிவர அண்ணன் தன் ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தான். அண்ணனுக்குக் கியர் வண்டி ஓட்ட வராது. என்னைவிட ஒரு சாண் உயரம், அவ்வளவுதான்.

நான் அட்டையில் அளவு வெட்டிக்கொண்டு போயிருந்தேன். நடுவில் லேசாகக் குழிவு வேண்டும். முன்பக்கம் சரியக் கூடாது. பஞ்சு கெட்டியாக இருக்க வேண்டும், மெத்துமெத்தென்று வைத்தால் கொஞ்ச தூரத்திலேயே அமுங்கி அடித்தகட்டில் உட்கார வேண்டிவரும். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். அண்ணனைப் பார்த்து.

"எம்புட்டுத் தூரம் போவீக தம்பி?"

"நாந்தாண்ணே போறேன்," என்றேன்.

"சரி பாப்பா. தம்பி, நீங்க செத்த ஏறி உக்காருங்க, ஒசரம் பாத்துக்கிறேன்."

அந்த மடையனும் ஏறி உட்கார்ந்தான்!

"ஏலே, எறங்குடா! அண்ணே, அவன் இத ஓட்ட மாட்டான். இது என் வண்டி."

"புரிஞ்சிருச்சு பாப்பா. நீங்க சொன்னது அம்புட்டும் செஞ்சுருவோம். நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

காதில் வாங்காமலேயே புரிந்துவிட்டது என்று சொல்கிற ஆண்களை ஆபீசில் தினமும் பார்க்கிறேன். இருந்தும் நம்பினேன்.

மறுநாள் போனோம். நான் கேட்ட குழிவு இருந்தது, கெட்டிப் பஞ்சு இருந்தது, அகலம்கூட என் அட்டையை வைத்து வெட்டினதுபோல அச்சாக இருந்தது. எல்லாம் பின்பக்கத்தில். முன்பக்கத்தை அண்ணன் உயரத்துக்கு மேடாக்கி, டேங்கைப் பார்த்துச் சரித்துவிட்டிருந்தார். ஏறினால் என் கட்டைவிரல்தான் தரையைத் தொட்டது.

"பாப்பா கேட்ட மாதிரியே பண்ணியாச்சு. பின்னாடி உக்காந்து தூங்கிக்கிட்டே போகலாம்."

"நான் பின்னாடி உக்காந்தா யாருண்ணே ஓட்டுறது?"

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தன் ஸ்கூட்டியைப் பார்த்தான்.

பிரித்துத் தைக்க ஒரு வாரம் ஆகும் என்றார். மறுநாள் அம்மாவுக்கு வார லீவு, நான் எப்படித் திரும்பி வருகிறேன் என்று பார்க்க அவள் குறித்த நாள். தள்ளிப்போட்டால் நான் தோற்றதாகவே முடிவு கட்டிவிடுவாள் என்று, அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் குஷன்காரரை வைது தீர்த்தேன். அம்மா புது நிபந்தனை ஒன்று வைத்திருந்தாள்.

"நீ வலிச்சாலும் வலிக்கலன்னு புளுகுவ. நானும் பின்னாடி ஏறி வாரேன்."

என் சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறினாள். பந்தல்குடி வருவதற்குள் நான் இரண்டு தடவை டேங்கில் போய் மோதியிருந்தேன். தூத்துக்குடிக்கு அப்புறம் ஒவ்வொரு வேகத்தடையையும் எழுந்து நின்று வரவேற்றேன், உட்காராமல் இருக்க ஒரு சாக்கு. நாங்குநேரி தாண்டிக் காற்றாலைகள் வந்தபோது முதுகில் ஏதோ பாரமாகச் சாய்ந்தது. குஷன்காரர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யாகவில்லை. அம்மா தூங்கிக்கொண்டே வந்தாள்.

கடலைப் பார்த்தாள், காலை நனைத்தாள், வறுத்த கடலை வாங்கித் தின்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், அம்மா பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல இறங்கி உள்ளே போய் உலை வைத்தாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு, நடக்கக் கால் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து தீர்ப்பு வந்தது.

"எனக்கு ஒரு வலியும் இல்லடி. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் தச்சிருக்காரு அந்த மனுசன். எதுக்கு அவரப் போயி வஞ்ச?"

"அப்ப ஹம்பி?"

"அதான். எப்பக் கெளம்புறோம்?"

கெளம்புறோமாம். நாற்காலியை என் பக்கம் தள்ளி, உட்கார்ந்து பேசு என்றாள். நான் உட்காரவில்லை.

"குஷன் கடைக்கு இன்னொரு தடவ போயிட்டு வந்து சொல்றேம்மா," என்றேன். "இந்தத் தடவ அண்ணன் வர வேணாம்."