பெரியப்பாவின் ஆர்மோனியமும் அப்பாவின் டிரம்மும்

நான் எழுதும் இசைக்கோவைகளில் எங்காவது ஓரிடத்தில் ஒரு கனத்த அடி, இடைவெளி விட்டு விட்டு விழுந்துகொண்டே இருக்கும். பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த புதிதில், துறைத்தலைவர் அதை எடுத்துவிடச் சொன்னார். "இது சங்கீதமா, சத்தமா?" என்று கேட்டார். நான் எடுக்கவில்லை. பத்து வயதிலேயே அந்தத் திட்டை வாங்கிப் பழகியவள் நான்.

ஆம்பூரில் எங்கள் சர்ச்சின் பின்சுவரை ஒட்டி, தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்று; தோல் ஷாப்பு என்போம். இரண்டு ஆள் உயர மர டிரம்கள் அங்கே நாள் முழுக்கச் சுற்றும். உள்ளே ஊறும் தோல்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் தொப்பென்று விழும். அவற்றை ஓட்டியவர் என் அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். பெரியப்பாவோ பள்ளிக்கூட கிளார்க்; தோல் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆர்மோனியமும் அவருடையது. எனக்குத் தொடக் கிடைத்த ஒரே வாத்தியம் அதுதான். அதற்காக அவர் சொன்னபடியெல்லாம் ஆடினேன்.

அறுப்பின் பண்டிகைக்கு ஒரு புதுப் பாட்டை ஒரு மாதம் மாலை வேளைகளில் பழகினோம். பிரமாதமாக வந்தது. பண்டிகை ஞாயிறு அன்று, பூசணிக்காயும் வாழைத்தாரும் குவிந்த பீடத்தின் முன் பாட ஆரம்பித்தால், இரண்டாம் வரியிலேயே தாளம் தப்பி ஆண்கள் ஒரு பக்கம் ஓடினார்கள், பெண்கள் ஒரு பக்கம். பெரியப்பா கையை வீசினார், பிறகு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த என்னை முறைத்தார். எனக்குப் பளிச்சென்று பட்டது. ஒரு மாதமாக எங்களுக்குத் தாளம் போட்டது சுவருக்கு அந்தப் பக்கத்து டிரம். இன்றைக்கு ஷாப்புக்கு லீவு.

துருத்தியை விட்டுவிட்டு, உள்ளங்கையால் ஆர்மோனியப் பெட்டியின் மேல் ஓங்கித் தட்டினேன். தொப். தொப். குழு ஒன்றுசேர்ந்து, எப்படியோ பாட்டைக் கரைசேர்த்தது.

வாசலில், எல்லோரும் பார்க்க, பெரியப்பா என் காதைத் திருகினார்.

"கோயில்ல வந்து தோல் ஷாப்பு சத்தம் போடுறியா? எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேளு. இல்லன்னா இனிமே பொட்டி மேல கை வெக்கக் கூடாது."

"இன்னாத்துக்குக் கேக்கணும்? நான் தட்டலன்னா பாட்டே நின்னு போயிருக்கும்."

காது எரிந்தது. ஆர்மோனியம் போகப்போகிறது என்று தெரிந்தது. ஆனாலும் மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். அன்றோடு அந்தப் பெட்டியை நான் தொடவில்லை.

அப்பா என்னை சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டார். வீட்டுத் தெரு திரும்பும்போது, மிதித்துக்கொண்டே சொன்னார்:

"நீ தட்டினது ஸ்பீடு ஜாஸ்திம்மா. நம்ம டிரம்மு அவ்ளோ வேகமா சுத்தாது. சுத்தினா தோலு சூடேறி வீணாப்பூடும்."

இவருமா குறை சொல்கிறார் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. சர்ச் முழுக்க அன்று வெறும் சத்தத்தைக் கேட்டது. கடைசி பெஞ்சில் ஒருவர் மட்டும் அதற்கு வேகம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

யார் சொன்னாலும் அந்த அடியை எடுக்க மாட்டேன். வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.