மூன்று கோப்பை விடுதலைச் சூப்

கனடாவின் புத்தாண்டுக் குளிரில் ஒரு கோப்பை சூப்புக்காக லொங்குய்யில் இருந்து மொன்றியல் நோர்த் வரை எவராவது போவார்களா? நான் போனேன். என்னோடு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்யும் மிர்லாந் ஹெயிட்டிக்காரி. முந்திய இரண்டு ஜனவரி முதலாம் திகதியும் கூப்பிட்டாள், சாட்டுச் சொல்லித் தப்பிவிட்டேன். அந்தச் சூப்பில் மாட்டிறைச்சி போடுவார்கள். நானோ மச்சமே தொடாத சைவக்காரி. ஆசையாகக் காய்ச்சுகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? இந்தமுறை சாட்டு ஒன்றும் கைவசம் இல்லை.

காலை 10.10க்கு மெட்ரோ. ஒருமுறை மாறி, ஆன்றி-புராசாவில் இறங்க 10.55. விடுமுறை நாளில் பஸ்ஸை நம்பேலாது. மிச்சம் ஐந்து கிலோமீற்றரும் டாக்ஸி, 17 டொலர். விலாசத்தைக் கேட்டதும் சாரதி சிரித்தார், அவரும் ஹெயிட்டிக்காரர். (பிரெஞ்சில் கதைத்ததை எங்கள் பேச்சில் தருகிறேன்.)

"சூப்புக்கோ போறியள்?"

"ஓம், எப்பிடித் தெரியும்?"

"இண்டைக்கு அங்கை வேற என்னத்துக்குப் போறது? நான் ரெண்டு வீட்டில குடிச்சிட்டன், இன்னும் மூண்டு வீடு கிடக்கு!"

வாசலிலேயே பூசணிக்காய் வாசம். மிர்லாந் கோப்பையோடு வந்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் நம்மவர் வாயில் முதலில் வருவது என்ன? "ஐயோ வேண்டாம், இப்பதான் சாப்பிட்டிட்டு வந்தனான்." அதையே நானும் சொன்னேன். மேசையைச் சுற்றியிருந்த வீட்டார் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மிர்லாந்தின் முகம் வாடிவிட்டது.

அவளுடைய பத்து வயது மகள் எழும்பி நின்றாள். ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை சூப்பின் கதையைத் தங்கள் தாய்மொழியான கிரியோலில் சொல்வது அந்த வீட்டு வழக்கமாம். பள்ளியில் பிரெஞ்சு, நியூயோர்க் மச்சாள்மாரோடு ஆங்கிலம், அந்த மேசையில் கிரியோல் மட்டும். மகள் சொல்லச் சொல்ல, மிர்லாந் அதை எனக்குப் பிரெஞ்சில் சொன்னாள்.

"அடிமையா இருந்த எங்கட ஆக்கள்தான் இதைக் காய்ச்சினவை. குடிச்சது பிரெஞ்சு முதலாளிமார். எங்களுக்கு ஒரு சொட்டும் இல்லை. 1804 ஜனவரி முதலாம் திகதி நாடு விடுதலையானது. அண்டைக்கு எல்லாரும் குடிச்சவை. அதாலைதான் இண்டைக்கு இந்த வீட்டில ஒருத்தரையும் குடியாமல் விடமாட்டம்."

அந்தப் பிள்ளை நிமிர்ந்து நின்று சொன்ன விதத்தில் எனக்கே பெருமையில் உடம்பு சிலிர்த்தது. இனியும் மழுப்பினால் நான் ஒரு மனுசியா?

"மிர்லாந், பொய் சொல்லிப்போட்டன். நான் சாப்பிடேல்லை. இறைச்சி எண்டபடியால்தான்..."

"விசரி! தினமும் உன்ர சாப்பாட்டுப் பெட்டியைப் பாக்கிறன், எனக்குத் தெரியாதே? அந்தச் சின்னப் பானை உனக்கு. பூசணியும் மரக்கறியும்தான். போன வருசமும் வைச்சனான். அதுக்கு முந்தின வருசமும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்களையும் யாராவது கூப்பிட்டால் பதினொரு மணிக்குப் போங்கள், பிந்தினால் அடிப்பானைதான் மிஞ்சும். வாசலில் "போன் ஆனே" என்று கிரியோலில் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லுங்கள், வீடே மகிழும். சாப்பிடாதது எது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு போங்கள். நான் மூன்று கோப்பை குடித்தேன், போகாத இரண்டு வருடத்துக்கும் சேர்த்து.