பாட்டிலை நீட்டிய கை

எனக்கு வாய் நீளம் என்று எசுவாம் ஊர் முழுக்கத் தெரியும். சிமெண்ட் கல் அறுத்து விற்கிறவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் லாரிக்காரனிலிருந்து கொத்தன் வரை எல்லாரும் தலையில் மிளகாய் அரைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் மான்சா விஷயத்தில் என் வாய் சும்மா இருந்திருக்க வேண்டும். "நீ சின்னப்பொண்ணு, பாட்டிலை உன் மாமா கையில கொடு" என்று அவளிடம் சொன்னவள் நான்தான். மற்றவர்கள் இதை எப்படி எப்படியோ சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது. கசோவா டவுனுக்கு மேற்கே, அன்றைக்குத் தார் ரோடு முடிந்து செம்மண் தொடங்கிய இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் கல் களத்துக்கு எதிரே மாமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, காசுக்கு ஊர்ப் பெண்களுக்கு ஜடை பின்ன ஆரம்பித்துவிடுவாள். சனிக்கிழமை என்றால் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை மூன்று தலை. சின்னச் சின்ன ஜடையாக ஒரு தலையைப் பின்னி முடிக்க நாலு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவள் என்ன பேசுவாள்? புருஷனைத் திட்டி முடித்ததும் மனையைப் பற்றித்தான் பேசுவாள். எங்கள் பக்கம் எல்லாருக்கும் அந்தப் பைத்தியம் உண்டு.

ஒரு நாள் ஒரு நர்ஸைப் பின்னி அனுப்பிவிட்டு, கையில் கெங்கே மாவு உருண்டையும் பொரித்த மீனுமாக என் களத்துக்கு வந்தாள்.

"ஆன்ட்டி எகுவா, இந்த நர்ஸம்மா எட்டு வருசம் ஊசி போட்டுச் சம்பாதிச்சதைவிட, புல்லு மொளைச்சுக் கெடந்த மனை அதிகமாச் சம்பாதிச்சுக் கொடுத்திருக்கு."

"அதுக்கு உனக்கென்னடி? நீ உன் சீப்பைப் பிடி."

"நானும் ஒண்ணு வாங்கப்போறேன்."

நான் சிரித்த சிரிப்பில் கல் அச்சு கையிலிருந்து நழுவிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. மீன் முள்ளைத் துப்பிவிட்டுச் சாவகாசமாகச் சொன்னாள்: "ரோடு நம்ம ஊர் வரைக்கும் வரப்போகுது. வர்றதுக்கு முன்னாடி வாங்கணும். மூணு வருசம் பேசாம வச்சிருப்பேன். அப்புறம் பாதியை வித்து, மீதிப் பாதியில ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விடுவேன். வாடகை சேர்ந்தா அடுத்த மனை. நான் சாகற வரைக்கும் இந்த மரத்தடியில அடுத்தவ பேனைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியுமா, சொல்லுங்க?"

கூடப் படிக்கிற பெண்களெல்லாம் நல்ல ஃபோனுக்காக அழுகிற வயசு. இவள் அதற்கு முன்பே தேய்ந்த செருப்போடு இரண்டு வருஷம் நடந்து காசு சேர்த்து வைத்திருந்தாள். அவள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அவள் பார்த்து வைத்த மனை எங்கள் ஊர் ஒடாய் பெரியவரின் குடும்பத்துடையது. இங்கே காசை எண்ணி வைத்தால் மட்டும் மனை கைக்கு வராது. ஷ்னாப்ஸ் என்கிற சாராயத்தில் ஒரு பாட்டிலைக் கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டி, "இந்த மண்ணைக் கேட்டு வந்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பெரியவர் அதைத் தரையில் ஊற்றி, வாங்குகிறவர் பெயரைச் சொல்லி முன்னோர்களைக் கூப்பிடுவார். காகிதமெல்லாம் அப்புறம்தான். காகிதம் கரையான் அரித்துப்போகும், மாறும், இரண்டாகவும் முளைக்கும். யார் கை பாட்டிலை நீட்டியது என்று கேட்டால் ஊரே ஒரே பெயரைச் சொல்லும்.

"என் காசு, என் பாட்டில். நானே நீட்டுறேனே?" என்றாள்.

அங்கேதான் என் பாழாய்ப்போன வாய் திறந்தது. "பள்ளிக்கூடத்துப் பாவாடையைக் கட்டிக்கிட்டுப் போய் நின்னா சிரிப்பாங்கடி. இல்லன்னா இன்னைக்குக் காசை வாங்கிக்கிட்டு நாளைக்கு வேறொருத்தனுக்கு வித்துருவாங்க. பொட்டச்சி, அதுவும் பொடிசு, உன்னால என்ன பண்ண முடியும்? உன் மாமா எபோவைக் கூட்டிட்டுப் போ. ஆம்பளை, நாலு பேருக்குத் தெரிஞ்சவர். பதினெட்டு ஆனதும் இன்னொரு பாட்டில் வச்சு உன் பேருக்கு மாத்திக்கலாம்."

நான் பொய் சொல்லவில்லை. இங்கே அப்படித்தான் நடக்கும். அதனால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

எபோ அவள் அம்மாவுக்கு அண்ணன். பயணிகள் வேன் ஓட்டியவர். பெண்டாட்டி விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது, பிள்ளை குட்டி கிடையாது. வஞ்சகமே தெரியாத மனுஷன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். மருமகள் கேட்டதும், "எனக்கு எதுக்கும்மா மனை? உனக்காக வந்து நிக்கிறேன்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒடாய் வீட்டு முற்றத்தில் போய் நின்றார். சாட்சிக்கு நானும் போனேன்.

"யார் வாங்குறது?" என்று கேட்டார் ஒடாய்.

எபோ ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மான்சா தலையாட்டினாள். "நான்தான். எபோ" என்று சொல்லி இரண்டு கையாலும் பாட்டிலை நீட்டினார். பெரியவர் ஊற்றினார். "எபோ வந்திருக்கான். இந்த மண்ணை அவனுக்குக் கொடுத்தோம். குறுக்க வர்றவனை நீங்க பார்த்துக்கங்க." காசும் பாட்டிலும் கொண்டுவந்த வெறும் பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு மான்சா பின்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள், போக்கிரி!

மனையைச் சும்மா போட்டால் வேறொருத்தன் வந்து அஸ்திவாரம் தோண்டிவிடுவான் என்று வாராவாரம் என்னிடம் கல் வாங்கினாள். இந்த வாரம் இருபது, அடுத்த வாரம் பதினைந்து. தலைச்சுமையாகத் தானே சுமந்தாள். வண்டிக் கூலியை மிச்சம் பிடிக்கிறாளாம்! கொத்தன் இடுப்பளவு சுவர் எழுப்பியதும், சிவப்புப் பெயிண்டில் எபோ பெயரையும் ஃபோன் நம்பரையும் கொட்டை எழுத்தில் எழுதினோம். ஆம்பளைப் பெயரைப் பார்த்தால் அடாவடிக்காரன் கொஞ்சம் யோசிப்பான். நான் போட்ட ரசீதிலெல்லாம் "எபோ, எசுவாம் மனை" என்றே எழுதினேன். ஒரே பெயராக இருந்தால் பிறகு மாற்றச் சுலபம் என்று நினைத்தேன். அடடா, என்ன புத்திசாலித்தனம்!

எபோவுக்கும் நடை கொஞ்சம் மாறிப்போனது. வேன் ஸ்டாண்டில் "வாங்க மனைக்காரரே" என்று கூப்பிட்டால் மறுக்க மாட்டார். ஒருநாள் என் எதிரிலேயே, "எசுவாம்ல நம்ம மனைக்குச் சுவர் எழுப்பியாச்சு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் முறைத்தேன். "சும்மா பேச்சுக்குத்தான், எகுவா" என்று அசடு வழிந்தார். பாவம், ஐம்பது வயசு வரை யாரும் அவரை எதற்கும் மதித்ததில்லை. நானும் விட்டுவிட்டேன்.

மான்சாவுக்குப் பதினெட்டு முடிந்தது. அந்த வாரமே பாட்டில் வாங்கி வைத்துவிட்டாள். "மாமா, எப்பப் போகலாம்?" என்று கேட்டாள். ஈஸ்டர் முடியட்டும் என்றார். முடிந்தது. வேனுக்கு எஞ்சின் வேலை என்றார். அப்புறம் யாரோ சிநேகிதன் வீட்டுச் சாவு. அவளும் நெருக்கவில்லை. "மாமா எங்க ஓடிப்போகப்போறாரு, ஆன்ட்டி?" என்றாள். உள்ளதைச் சொன்னால், அந்த "மனைக்காரரே"யை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. நாலு மாசம் இப்படியே போனது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்டாண்டில் வேனுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஏழாம் நாள் குடும்பம் கூடியது. எங்கள் பக்கம் உடலை ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் வைத்துவிட்டு, காசு திரட்டி வாரக்கணக்கில் கழித்துத்தான் அடக்கம். எங்களில் குடும்பம் என்றால் தாய்வழி, செத்தவர் சொத்தும் அதற்குத்தான். அம்மா, மாமன், பெரியம்மா பிள்ளைகள் என்று முற்றம் நிறைந்த நாற்காலிகள். எப்போது அடக்கம், எத்தனை பந்தல், பெட்டி எந்த மரம், பாண்டு வாத்தியம் வேண்டுமா என்றெல்லாம் பேச்சு ஓடியது. வாழும்போது எபோவுக்கு ஒரு வேளை சோறு போடாதவர்களெல்லாம் கண்ணாடி வைத்த பெட்டி கேட்டார்கள். அவ்வளவுக்கும் காசு எங்கே என்று கேள்வி வந்தது. குடும்பத் தலைவர் எகோ தொண்டையைச் செருமினார்.

"எபோவுக்கு எசுவாம்ல மனை இருக்கே. ரோடும் வந்துருச்சு, இப்ப நல்ல விலை. அவன் சம்பாத்தியத்துலயே அவனை ராஜா மாதிரி அனுப்பலாம்."

மான்சா எழுந்து நின்றாள். "பெரிய மாமா, அது எபோ மாமாவோட மனை இல்ல. நான் வாங்கினது. ஜடை பின்னின காசு."

முற்றத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பாட்டிலை நீட்டினது யாரும்மா?"

"மாமாதான். ஆனா..."

"சுவத்துல யார் பேரு?"

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து கத்தினேன். "நான் சாட்சி! இந்தப் பொண்ணு கழுத்து வலிக்க வலிக்கக் கல்லு சுமந்தது எனக்குத் தெரியும். என் களத்துலேருந்துதான் சுமந்துது!"

எகோ என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வெளியாள், இருந்தாலும் கேக்குறேன். உன் ரசீதுல யார் பேரு போட்டிருக்க?"

நான் போட்ட பெயர் எபோ. உட்கார்ந்தேன்.

ஒடாய் பெரியவரையும் வரச்சொல்லிக் கேட்டார்கள். கிழவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டித் தீர்த்திருக்கலாம். "பாட்டிலை நீட்டினது எபோ. அவன் பேரைச் சொல்லித்தான் ஊத்தினேன். பின்னால ஒரு புள்ளை நின்னுச்சு, பை வச்சிருந்துச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மான்சா அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பொம்பளை மகள் பக்கம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் கதை மாறியிருக்கும். மனையை யார் வாங்கியது என்று இதற்குள் அவளுக்கும் தெரியும். துக்கத்துக்குக் கட்டியிருந்த சிவப்புத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "என் அண்ணனைப் பலகைப் பெட்டியில வச்சு அனுப்பச் சொல்றியாடி? ஊர் என் மூஞ்சியில துப்பாதா? பதினாறு வயசுல ஏதோ ஆசைப்பட்டே. சின்னப்புள்ள விளையாட்டு. விட்டுரு."

விளையாட்டாம்! இரண்டு வருஷம் பிய்ந்த செருப்பில் நடந்தது விளையாட்டாம்! எனக்கு எழுந்து போய் அவளை நாலு அறை விடலாம் போலிருந்தது. மான்சா அழவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம், நான் வருகிறேன் என்று அவள் காதில் சொன்னேன். "யார் மேல கேஸ் போடறது ஆன்ட்டி? எங்கம்மா மேலயா?" என்று கேட்டாள்.

மூன்றே வாரத்தில் மனை கைமாறியது. வாங்கியவன் அந்தச் சிவப்பு எழுத்தின் மேல் வெள்ளையடித்தான்.

அடக்கம் பிரமாதமாக நடந்தது என்று இன்னமும் பேசுகிறார்கள். எட்டுப் பந்தல். கண்ணாடிப் பெட்டி. வெள்ளைக் கையுறை போட்டுப் பெட்டி தூக்கிய ஆறு பேர். வழவழக் காகிதத்தில் புத்தகம் அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். அதில் எபோவைப் பற்றி, "முன்யோசனை மிக்கவர், எசுவாமுக்கு ரோடு வரும் முன்பே அங்கே மனை வாங்கியவர், இளைஞர்களுக்கு உழைத்து முன்னேறக் கற்றுக்கொடுத்தவர்" என்று எழுதியிருந்தது. மருமகள்கள் சார்பில் அதை மைக்கில் வாசிக்க மான்சாவை நிறுத்தினார்கள். நன்றாகப் படிக்கிற பெண் அல்லவா! வாசித்தாள். குரல் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. எனக்குத்தான் உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மொய் மேஜை. குடும்பத்தில் பதினெட்டு தாண்டிய ஒவ்வொருத்தரும் சாவுப் பங்கு போட்டே ஆக வேண்டும். ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை. எகோ பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"மான்சா."

அவள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. "பெரிய மாமா, நானுமா?"

"பின்ன? பதினெட்டு முடிஞ்சிருச்சுல்ல? நீ இனிமே சின்னப்புள்ள இல்லம்மா. குடும்பத்துல ஒருத்தி. போடு."

அவளை எல்லாரும் பார்த்தார்கள். அவள் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மான்சா இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்தாள். அந்த வாரம் மூன்று தலை பின்னிய காசு உள்ளே இருந்தது. எழுந்து போய் மேஜையில் வைத்தாள். மேஜையில் உட்கார்ந்திருந்தவன் பெயரைக் கேட்டு எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தான்.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அதை நீட்டினாள். அவள் பெயர் முழுசாக இருந்தது, கீழே குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"பாருங்க ஆன்ட்டி," என்றாள். "என் பேருல ரசீது."