பெண் பிறந்தது, மழை

எங்கள் அப்பா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் நிலக்கரி மைன்ஸில் வேலைக்குச் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகி, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் எங்களை வளர்த்தார். ஓய்வு பெற்றபின் மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டினார். குடித்ததில்லை. எங்கள்மேல் கை வைத்ததில்லை. ஷிப்ட்டுக்கு ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அப்பாவின் பெருமை ஒரு பழைய நோட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவருடைய கொள்ளுத்தாத்தா வீட்டுச் செய்திகளை எழுதத் தொடங்கியது. அவருக்குப்பின் வீட்டு ஆண்கள் ஒவ்வொருவராகத் தொடர்ந்தார்கள், அப்பா வரைக்கும். தை அமாவாசைப் படையலன்று இலை போட்டபின், அதில் இரண்டு பக்கம் அப்பா படித்த பிறகுதான் எங்களுக்குச் சோறு.

“சிவப்பி கிடாரி ஈன்றது. மயிலைக்குக் கோமாரி தெளிந்தது. பெண் பிறந்தது. மழை.”

அடுத்த பக்கத்தில், “பெண் இறந்தது. எள் விதைத்தோம்.”

எட்டு வயதில் நான் கேட்டேன்: “அந்தப் பொண்ணு பேரு இன்னாப்பா?”

“மாட்டுக்குப் பேரு வெச்சாத்தான் கூப்ட்டா வரும். பொண்ணு இன்னொருத்தன் வூட்டுக்குப் போறது. அதுக்கு இன்னாத்துக்கு இதுல பேரு?”

பந்தியில் இருந்த நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு மறக்கவில்லை.

பிறகு ஒருநாள் திருட்டுத்தனமாக அப்பாவின் பக்கங்களைப் புரட்டினேன். தம்பிக்கு நட்சத்திரத்தோடு, “சிரஞ்சீவி செந்தில் பிறந்தான்.” எனக்கு, “பெண் பிறந்தது. மழை.” அம்மா போனபோது அப்பா எழுதியது இது: “வீட்டாள் இறந்தாள். செகண்ட் ஷிப்ட்டுக்கு லீவு சொன்னேன்.”

அப்பா படுக்கையில் விழுந்ததும் பண்ருட்டியில் என் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தேன். நான்கு ஆண்டுகள் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றினேன். வேறொன்றும் நான் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் அவரைச் சாய்த்து உட்காரவைத்து, நோட்டையும் பேனாவையும் கொடுத்தேன்.

“என் பேர எழுதுப்பா. அஞ்சலை. நாலெழுத்துதான்.”

“கை நடுங்குதும்மா. இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்.”

அன்று மாலை பார்த்தால், “கொல்லைப் பலா பிஞ்சு விட்டது” என்று எழுதியிருந்தார். எழுத்து குண்டுகுண்டாக இருந்தது, ஒரு கோணல் இல்லை. குளியலறையில் போய் அழுதேன். பிறகு வந்து கஞ்சி ஊட்டினேன். கடைசி நாள்வரை காத்திருந்தேன். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச்சென்ற பக்கத்து வீட்டு கான்ட்ராக்ட் தொழிலாளத் தம்பிகளுக்கும், நான் சாப்பிட்டேனா என்று தினமும் கேட்ட எதிர்வீட்டு அக்காவுக்கும், வந்து நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தம்பி நோட்டை என்னிடம் நீட்டினான்.

“நீயே எழுதுக்கா. நீதான கூட இருந்து பாத்துக்கின.”

வாங்கி எழுதினேன்: “ஆண் இறந்தது. வெயில்.”

படித்தவன் முகம் சுண்டிப்போனது.

“இன்னாக்கா இது, அப்பா பேர எழுதலியே?”

“கை நடுங்குதுடா” என்றேன்.